ரப்பெற் சத்தம் கேட்கட்டும்: மொறிஸ் மைனரோடு என் அனுபவம்

அப்பாவின் 1098 சீசீ மொறிஸ் மைனர் கார் 2011இல் என் கைக்கு வந்தது. ரப்பெற் வைப்பதற்கும் (வால்வுக்கும் அதை அழுத்தும் றொக்கர் என்ற கைக்கும் நடுவில் இடைவெளி விடுவது) ரைமிங் பிடிப்பதற்கும் (தீப்பொறி விழும் நேரத்தைச் சரிசெய்வது) ஒருநாளும் வெளியில் கொடுத்ததில்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் 2013இல் ஒரு தடவை கொடுத்தேன்.

அப்போது எஞ்சின் தையல் மெசின் மாதிரி டிக்கு டிக்கென்று அடித்தது. பக்கத்துக் கராச் ஒன்றில் விட்டேன். பின்னேரம் போய் எடுத்தபோது ஓடுகிறதா, நிற்கிறதா என்றே தெரியவில்லை, அவ்வளவு அமைதி. எனக்குச் சந்தோஷம். அப்பா மட்டும் பொனற்றுக்கு மேல் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "சத்தம் கேட்டா பயப்பிடாதை. நிண்டாத்தான் பயப்பிடவேணும்" என்றார். ஆறு மாதத்தில் நாலாவது வால்வு எரிந்துபோனது.

காரணம் எளிது: சத்தம் போகவென்று கராச்சில் ரப்பெற்றை அளவுக்கு மீறி இறுக்கியிருந்தார்கள். எஞ்சின் சூடாகும்போது வால்வின் தண்டு நீளும். அந்த நீட்சிக்குத்தான் இடைவெளி விடுகிறோம். இடைவெளி போதாவிட்டால் வால்வு மூடும்போது அமரும் வளையமான சீற்றில் முழுதாக உட்காராது. எரிந்த வாயுவை வெளியே விடும் எக்ஸோஸ்ற் வால்வு தன் சூட்டைச் சீற்றுக்குக் கொடுத்துத்தான் பிழைக்கிறது. உட்கார முடியாவிட்டால் ஓரம் எரியும். ரப்பெற் கொஞ்சம் லூசாக இருந்தால் காதுக்குத்தான் தொந்தரவு.

மைனருக்கு எட்டு வால்வுக்கும், எஞ்சின் ஆறியிருக்கும்போது, 12 தௌ: அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு. நான் பிளக்குகளைக் கழற்றிவிட்டு முன்னுக்கு ஹான்டிலைப் போட்டுச் சுற்றுவேன். எட்டாவது வால்வு முழுதாகத் திறந்து நிற்கும்போது ஒன்றாவதை வைக்க வேண்டும். ஏழு திறந்தால் இரண்டு, ஆறு திறந்தால் மூன்று. கூட்டினால் எப்போதும் ஒன்பது வரும். இது மனதில் இருந்தால் புத்தகமே தேவையில்லை.

எனக்குப் பிடிபட நாள் எடுத்தது றொக்கரின் மூக்குத்தான். பழைய எஞ்சினில் வால்வு தொடும் இடத்தில் மூக்கு தேய்ந்து சின்னக் குழி விழுந்திருக்கும். இடைவெளியை அளக்கும் பீலர் கேஜின் தகடு அந்தக் குழிக்குப் பாலம் போட்டதுபோல் மேலாக நிற்கும். தகடு 12 என்று சொல்லும், உள்ளே உண்மையான இடைவெளி 15, 16 இருக்கும். எவ்வளவு கவனமாக வைத்தாலும் சத்தம் போகாததன் மர்மம் இதுதான். சத்தத்தைக் கொல்ல இறுக்கிக்கொண்டே போவதைவிட றொக்கரை மாற்றுவது மேல். நான் இரண்டை மாற்றினேன்.

2014இல் இருந்து ஒரு கொப்பியில் அளவுகளைக் குறித்து வருகிறேன். பெற்றோல் கலந்த காற்றை உள்ளே விடும் இன்லெற் வால்வுகளின் அளவு அசைவதே இல்லை. ஆனால் எக்ஸோஸ்ற் வால்வுகள், அதாவது 1, 4, 5, 8, ஒவ்வொரு 3,000 மைலுக்கும் ஒன்றிரண்டு தௌ குறைந்துகொண்டே வந்தன. இலங்கையில் 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நின்றுபோனது. பழைய இரும்புச் சீற்றுக்கு அந்த ஈயம்தான் கவசம். அது இல்லாமல் சீற்று மெல்ல மெல்லத் தேய்ந்து, வால்வு மேலே ஏறி, இடைவெளியைத் தின்கிறது. 2018இல் ஹெட்டைக் கழற்றிக் கடினமான சீற்று போடுவித்தேன். அதன் பிறகு கொப்பியில் எழுத ஒன்றும் இல்லை.

அப்புறம் ரைமிங். கார் என்னிடம் வந்தபோது பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ரிபியூட்டரின் குட்டித் திருகு R பக்கம் (தீப்பொறியைப் பிந்த வைக்கும் பக்கம்) கடைசிவரை போய்த் துருப்பிடித்து இறுகியிருந்தது. 90களில் போர்க்காலப் பொருளாதாரத் தடை இருந்தபோது யாழ்ப்பாணத்தில் கார்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடின. ஸ்ராட் பண்ண மட்டும் சில துளி பெற்றோல். மண்ணெண்ணெய்க்கு ஒக்ரேன் குறைவு, அதனால் அது முந்தி வெடித்து எஞ்சின் தட்டும், அதாவது நொக் பண்ணும். அதனால் அப்பா தீப்பொறியைப் பிந்த வைத்தார். பெற்றோல் வந்த பிறகும் யாரும் அதைத் திருப்பி வைக்கவில்லை. பிந்திப் பற்றினால் எக்ஸோஸ்ற் பக்கம் சூடு கூடும். நாலாவது வால்வு எரிந்ததில் இதற்கும் பங்கு இருக்கும் என்பது என் கணிப்பு. பழி முழுவதையும் கராச்சில் போட மனம் வரவில்லை.

முதலில் டிஸ்ரிபியூட்டருக்குள் திறந்து மூடித் தீப்பொறியை உண்டாக்கும் பொயின்ற்றின் இடைவெளி 15 தௌ. அதற்குப் பிறகுதான் ரைமிங். முறை மாறினால் வேலை வீண், ஏனென்றால் பொயின்ற்றைத் தொட்டாலே ரைமிங் நகரும். டிஸ்ரிபியூட்டரின் வயர் முனையில் இருந்து காரின் பொடிக்கு ஒரு 12 வோல்ற் பல்ப்பை இணைப்பேன். இக்னிஷனைப் போட்டுவிட்டு எஞ்சினை மெதுவாகச் சுற்றினால், பொயின்ற் திறக்கும் கணத்தில் அது பற்றும். அந்த நேரம் எஞ்சினின் முன் கப்பி, முதல் பிஸ்ரன் உச்சிக்கு வரும் புள்ளிக்கு 3 பாகை முன்னால் நிற்க வேண்டும். அடையாளம் அடியில் இருப்பதால் பாயை விரித்துப் படுக்க வேண்டியதுதான்.

நுணுக்கம் டிஸ்ரிபியூட்டரின் அந்தக் குட்டித் திருகில்தான்: 11 கிளிக்குக்கு ஒரு பாகை. மேட்டில் ஏற்றிச் சோதி என்பார்கள்; யாழ்ப்பாணத்தில் மேட்டுக்கு எங்கே போவது? நாலாம் கியரில் 20 மைல் வேகத்தில் அக்சிலரேற்றரை முழுதாக அழுத்துவேன். நொக் சத்தம் கிணுகிணுவென்று ஒரு கணம் கேட்டு மறைந்தால் சரி. தொடர்ந்து கேட்டால் R பக்கம் ஐந்தாறு கிளிக்.

ஒரேயொரு தொல்லை இன்னும் தீரவில்லை. றொக்கர் மூடியின் கோர்க் காஸ்கெற். இரண்டு நட்டையும் ஆசையில் ஒரு சுற்றுக் கூட இறுக்கினால் நசுங்கி, அடுத்த நாளே எஞ்சின் ஓரமாக ஒயில் வடிகிறது. போன மாதமும் வடிந்தது.