நாலு மணிக்குப் பிரிக்கிற மத்தியானப் பார்சல்

கொட்டாஞ்சேனையில் ஒரு அன்ரி வீட்டில் சமைத்துப் பொரளைப் பக்கம் அனுப்புகிறா. கடைக்குப் பெயர் கிடையாது. என் போனில் 'சாப்பாடு அன்ரி' என்றுதான் இருக்கிறா. பதினாலு மாதமாக வாங்குகிறேன், ஆனால் அவவின் சாப்பாட்டைச் சுடச்சுடச் சாப்பிட்ட நாட்களை விரல்விட்டு எண்ணலாம். நான் சிறுவர் மருத்துவத்தில் ரெஜிஸ்ட்ரார், அதாவது நிபுணராகப் பயிற்சி எடுக்கிற டொக்டர். பார்சல் பன்னிரண்டேகாலுக்கு வரும். நான் அதைப் பிரிக்க நாலு மணியாகும். ஆகவே இது ஆறின சோற்றைப் பற்றிய விமர்சனம்.

ஏன் நாலு மணி என்று கேட்பவர்களுக்கு: ஜூன், ஜூலை மழையோடு கொழும்பில் டெங்கு ஏறும். கஷுவல்ட்டி நாள் என்றால் அன்றைய புது அட்மிஷன்கள் எங்கள் வார்டுக்கு. காய்ச்சல் விட்டதும் தாய்மார் முகம் தெளியும், எங்களுக்கு அப்போதுதான் வயிற்றில் புளி கரைக்கும். இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிகிற கட்டம் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் தொடங்கும், 24 முதல் 48 மணித்தியாலம் நிற்கும். மணிக்கு மணி நாடி, பிரஷர், கைகால் சூடு, சிறுநீர். இடையிடையே விரலில் குத்தி பி.சி.வி. (இரத்தம் எவ்வளவு தடித்திருக்கிறது என்று காட்டும் சோதனை). 15 கிலோ பிள்ளை மணிக்கு ஏழரை மில்லிலீட்டராவது சிறுநீர் கழிக்க வேண்டும், அரை மேசைக்கரண்டி அளவு. நிறையப் போனாலும் சந்தோசப்பட முடியாது, சேலைன் கூடிவிட்டதோ என்று பார்க்க வேண்டும். வாயால் குடிப்பதும் சேலைனோடு ஒரே கணக்குக்குள்தான். "தண்ணி கேட்டு அழுகுது டொக்டர், குடுக்கட்டோ?" என்று வவுனியாவிலிருந்து வந்த தாய் கேட்டால், எவ்வளவு என்று அளந்து சொல்லி, எழுதியும் வைக்க வேண்டும். வார்டில் அன்றைக்குத் தமிழ் தெரிந்த டொக்டர் நான் ஒருத்திதான் என்றால் மற்றக் கட்டில்களிலிருந்தும் கூப்பிடுவார்கள். இதற்கிடையில் சோறு எங்கே?

அன்ரியின் சோறு இதற்குத் தாக்குப்பிடிக்கும். குத்தரிசி, ஆறினாலும் உதிரியாக நிற்கும். வாழையிலையை நெருப்பில் வாட்டிக் கட்டுவதால் நாலு மணிக்குப் பிரித்தாலும் முதலில் இலை வாசம்தான் வரும். பக்கத்துத் தெருக் கடையில் பார்சல் எடுத்தால் அந்நேரம் சம்பா களியாகிக் கிடக்கும்.

தொடக்கத்தில் ஒரு சிக்கல் இருந்தது. வெந்த சோற்றை அறைச் சூட்டில் நெடுநேரம் வைத்தால் பசிலஸ் சீரியஸ் பெருகும். வாந்தி எடுக்க வைக்கிற அதன் நச்சு திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. பிள்ளைகளின் பெற்றோருக்கு இதைச் சொல்லிவிட்டு நானே அதைச் செய்துகொண்டிருந்தேன். ஒருநாள் பால்க்கறி புளித்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் போட்டேன். அன்ரி உடனே கோல் எடுத்தா.

"பிள்ளை, நீங்கள் எத்தினை மணிக்குச் சாப்பிடுறனீங்கள்?"

"நாலு அன்ரி. சில நேரம் ஐஞ்சு."

"உதை முதலே சொல்லுறதுக்கென்ன? கஷுவல்ட்டி நாளெண்டால் முதல்நாள் இரவே எனக்குப் போடுங்கோ."

அதிலிருந்து கஷுவல்ட்டி நாளில் எனக்குத் தேங்காய்ப்பால் விடாத சாப்பாடு: கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், நன்றாக முறுகவிட்ட மீன், தேங்காய்ச் சம்பலுக்குப் பதில் மோர்மிளகாய். முடிந்த நாட்களில் வார்டு எச்.ஓ. (பயிற்சி டொக்டர்) ஒருவர் பார்சலைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் தள்ளிவிடுவார். என்னோடு பயிற்சியிலிருக்கும் சிங்களத் தோழிக்கு என் மீன் வேண்டாம், மோர்மிளகாய் மட்டும் வேண்டும். இப்போது அன்ரி அவளுக்கென்று இரண்டு கூட வைக்கிறா. இப்படி நேரம் கேட்டுச் சமைக்கிற கடை கொழும்பில் எனக்கு வேறு தெரியாது.

குறைகளும் உண்டு. மற்ற நாட்களில் சொதியை மெல்லிய பையில் றப்பர்பான்ட் போட்டு அனுப்புவது பெரிய கரைச்சல். ஒருமுறை என் பைக்குள் வெடித்து, பயிற்சிப் போர்ட்ஃபோலியோவில் மஞ்சள் படிந்துவிட்டது. பயிற்சியைப் பார்க்கிற மேடம் ஒன்றும் கேட்கவில்லை, கறைக்குப் பக்கத்தில் கையொப்பம் வைத்தா. மழை பெய்தால் ஓட்டோ பொரளைச் சந்தியில் மாட்டிக்கொள்ளும், முக்கால் மணி பிந்தும் (எனக்கு அது வசதிதான், மற்றவர்களுக்கு இல்லை). கீரை பல நாள் உப்புக் கூட. மீன் துண்டு மாசக் கடைசியில் மெலியும், அன்ரி இதை ஒத்துக்கொள்ள மாட்டா.

மீன் பார்சல் 550 ரூபா, மரக்கறி 450. இரவு ஆன்கோல் கடமைக்குப் பிட்டும் மீன்குழம்பும் தருவா, குறைந்தது மூன்று பேர் சேர்ந்து எடுத்தால் மட்டும். பிட்டைக் கரண்டியில்லாமல் நின்றபடி, ஒரு கையில் போனோடு சாப்பிடலாம் என்பதை MD பரீட்சைக்குப் படிப்பவர்கள் கவனிக்கவும். எடுப்பதென்றால் முதல்நாள் இரவு ஒன்பதுக்குள் சொல்லிவிடுங்கள், எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள் என்பதையும் பொய் சொல்லாமல் சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும். ஞாயிறு அன்ரிக்கு லீவு. ஞாயிறு கஷுவல்ட்டி விழுந்தால் நான் சந்தியில் இரண்டு மாலுப் பணிஸ் (மீன் வைத்த பணிஸ்) வாங்கிக்கொண்டு போவேன்.