ஜெலட்டினில் டிரிப்டோஃபேன் கண்டுபிடித்த ஆய்வகம்

கொள்ளும் கேழ்வரகும் கலந்த சத்துமாவின் அமினோ அமில அளவு என் முனைவர் பட்ட ஆய்வுக்குத் தேவைப்பட்டது. எங்கள் கல்லூரியில் கருவி இல்லாததால், தனியார் ஆய்வகம் ஒன்றுக்கு 6,500 ரூபாய் கட்டி மாதிரியை அனுப்பினேன். பத்தே நாளில் வழுவழுப்பான தாளில் அறிக்கை வந்தது. இருபது அமினோ அமிலங்களுக்கும் இரண்டு தசம இடம் வரை எண்கள். டிரிப்டோஃபேன் மட்டும் 100 கிராம் புரதத்தில் 1.12 கிராமாம். மகிழ்ச்சியில் செய்முறைப் பகுதியை நான் படிக்கவே இல்லை.

என் நெறியாளர் படித்தார். புரதத்தை அமினோ அமிலங்களாக உடைக்க 6 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம், 110 டிகிரி செல்சியஸ், 24 மணி நேரம். பிறகு அமினோ அமிலத்தோடு சேர்ந்தால் நிறம் தரும் நின்ஹைட்ரின், அந்த நிறத்தை அளக்க 570 நானோமீட்டர் ஒளி. அவ்வளவுதான் எழுதியிருந்தது. அந்த அமிலச் சூட்டில் டிரிப்டோஃபேன் சிதைந்துபோகும். அதனால்தான் அதற்கெனத் தனியாகக் காரத்தில் நீராற்பகுப்பு (புரதத்தை உடைக்கும் இந்த வேலை) செய்வார்கள். அஸ்பராஜினும் குளுட்டமினும்கூட அந்த அமிலத்தில் தம் அமில வடிவத்துக்கு மாறிவிடும். இந்த அறிக்கையிலோ அவை தனித்தனி வரியில் உட்கார்ந்திருந்தன.

இதைவிடப் பெரிய கோளாறு, நின்ஹைட்ரினுக்கு ஆள் அடையாளம் தெரியாது என்பது. லைசின் வந்தாலும் லியூசின் வந்தாலும் அதே ஊதாதான், அம்மோனியாவுக்கும் அதேதான். புரோலின் மட்டும் மஞ்சளாகும், அதை 440 நானோமீட்டரில் பார்க்க வேண்டும். குரோமட்டோகிராபியில் ஒவ்வொன்றாகப் பிரித்த பிறகுதான் அந்த நிறத்தை வைத்துத் தனித்தனி அளவு சொல்ல முடியும். பிரித்த வரைபடத்தைக் கேட்டேன். “அது எங்கள் உள் ஆவணம் அம்மா, வெளியே தருவதில்லை” என்றார்கள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கடையில் ஜெலட்டின் (விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் புரதம்) வாங்கி, ‘மாதிரி 2’ என்று மட்டும் எழுதி, மறுபடியும் 6,500 ரூபாய் கட்டி அனுப்பினேன். வீட்டில் திட்டு வாங்கியது தனிக்கதை. ஜெலட்டினில் டிரிப்டோஃபேன் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. வந்த அறிக்கையில் 1.12. தசமம்கூட மாறவில்லை!

அன்று மாலையே கல்லூரியில் ஹாப்கின்ஸ்-கோல் சோதனையைச் செய்து பார்த்தேன். டிரிப்டோஃபேனை 1901இல் பிரித்தெடுத்தவர்களின் பெயரிலேயே இருக்கும் எளிய சோதனை அது. கிளையாக்சிலிக் அமிலம் சேர்த்து, குழாயின் ஓரமாக அடர் சல்ஃப்யூரிக் அமிலத்தை மெல்ல விட்டால், இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஊதா வளையம் எழும். முட்டை வெள்ளைக்கரு அழகாக வளையம் காட்டியது. ஜெலட்டின் குழாயில் ஒன்றுமே இல்லை.

மாதிரி அனுப்பப்போகிறவர்கள் பணம் கட்டும் முன்பே, டிரிப்டோஃபேனை எந்த முறையில் அளக்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். ‘எல்லாமே அமில நீராற்பகுப்புதான்’ என்று பதில் வந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். முடிந்தால் உள்ளடக்கம் தெரிந்த ஒரு புரதத்தையும் பெயர் சொல்லாமல் சேர்த்து அனுப்புங்கள்.

என் பணம் திரும்பி வரவில்லை. புகாருக்கு ஒரு பதில் மட்டும் வந்தது: “ஜெலட்டின் என்று முன்பே தெரிவித்திருந்தால் அதற்கேற்ப அறிக்கை தந்திருப்போம்.”