பங்க் காற்றா, நைட்ரஜனா, சொந்தக் கருவியா?

கார் டயரின் காற்றழுத்தத்தைப் பராமரிக்கும் வழிகளில் எது மேலானது என்பதை, டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க முடிகிறதா என்ற ஒன்றை வைத்தே பெரும்பாலும் தீர்மானித்துவிடலாம். ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டப்பட்டிருக்கும் அளவு, குறைந்தது மூன்று மணி நேரம் ஓடாமல் நின்ற டயருக்கு உரியது. (டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருப்பது உச்ச வரம்பு, அதைப் பார்த்துக் காற்று நிரப்பக் கூடாது.)

பெட்ரோல் பங்க்கில் காற்று இலவசம், இயந்திரமும் வேகமானது. ஆனால் வெயிலில் சில கிலோமீட்டர் ஓடி வந்து சேர்வதற்குள் டயருக்குள் வெப்பம் 20 டிகிரி செல்சியஸ் கூடியிருந்தால், அழுத்தமும் சுமார் 3 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) ஏறியிருக்கும். 33 இருக்க வேண்டிய டயர் 36 காட்டுகிறதே என்று ஊழியர் காற்றை இறக்கிவிட்டால், மறுநாள் காலையில் அது 30 ஆகத்தான் நிற்கும். குறைந்த அழுத்தத்தில் பக்கச்சுவர் அதிகமாக மடங்கிச் சூடேறுவதால், நெடுஞ்சாலை வேகத்தில் டயர் வெடிக்கும் ஆபத்து கூடுகிறது. அதனால்தான் இதை இவ்வளவு வலியுறுத்த வேண்டியிருக்கிறது.

சாதாரணக் காற்றுக்குப் பதிலாக நிரப்பப்படும் நைட்ரஜன், ரப்பர் வழியாகச் சற்று மெதுவாகக் கசியும், அதில் ஈரமும் இராது என்பவை உண்மையே. ஆயினும் நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். வெப்பத்தால் ஏறும் அழுத்தமும் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. விமான டயருக்கு நைட்ரஜன் அவசியம். அன்றாடம் ஓடும் காருக்கு அதற்கெனப் பணம் கொடுப்பது தேவையற்றது என்பதே என் கருத்து.

டயர் அழுத்தம் குறைந்தால் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும் டி.பி.எம்.எஸ். வசதி நல்ல துணை; மாற்று அன்று. சக்கரங்கள் சுழலும் வேகத்தை ஒப்பிட்டு அழுத்தத்தைக் கணிக்கும் வகை டி.பி.எம்.எஸ். என்றால், நான்கு டயர்களிலும் காற்று ஒரே சீராக இறங்கினால் அது எளிதில் பிடிபடாது.

ஆகவே, காற்றழுத்தத்தை அளக்கும் ஒரு நல்ல கேஜும் 12 வோல்ட் சாக்கெட்டில் இயங்கும் சிறிய கம்ப்ரசரும் வாங்குவதையே பரிந்துரைக்கிறேன். அது மெதுவாகத்தான் நிரப்பும், சத்தமும் அதிகம். ஆனால் மாதம் ஒருமுறை, காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் வீட்டு வாசலிலேயே அளந்துவிடலாம். பங்க்கில் பெரும்பாலும் யாரும் கேட்காத ஸ்டெப்னியையும் அப்போதே பார்த்துவிடலாம்.