வீட்டு சர்வருக்கு எது சரி: ராஸ்ப்பெரி பையா, பழைய லேப்டாப்பா, மினி பிசியா?

கூகுள் போட்டோஸ் 2021 ஜூனில் வரம்பற்ற இலவச இடத்தை நிறுத்தியதிலிருந்து, படங்களையும் கோப்புகளையும் சேமித்துவைத்து எந்நேரமும் ஓடும் ஒரு கம்ப்யூட்டரை, அதாவது ஒரு சர்வரை, வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். மென்பொருளில் பெரிய குழப்பம் இல்லை. படங்களுக்கு இம்மிச், வீடியோவுக்கு ஜெல்லிஃபின், கோப்புகளுக்கு நெக்ஸ்ட்கிளவுட். மூன்றும் இலவசம், மூன்றையும் டாக்கரில் (மென்பொருள்களைத் தனித்தனிப் பொட்டலமாக ஓட்டும் கருவி) ஒரே மாலையில் ஏற்றிவிடலாம். எந்தப் பெட்டியில் ஓட்டுவது என்பதில்தான் எல்லோரும் நின்றுவிடுகிறார்கள். ராஸ்ப்பெரி பை (சுருக்கமாகப் பை) என்ற உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் போர்டு, பழைய லேப்டாப், அலுவலகங்கள் கழித்துவிடும் மினி பிசி, டிஸ்க்குகளைப் போட்டு நெட்வொர்க்கில் சேமிக்கவென்றே விற்கும் ரெடிமேட் நாஸ் என்று நான்கு வழி உண்டு. முதல் மூன்றையும் நானே ஓட்டிப் பார்த்தேன், இப்போது இருப்பது மினி பிசியில். அதனால் இந்த அலசலும் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

வேகத்தைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. ஒரு குடும்பத்தின் படங்களுக்கு நான்குமே போதும். இம்மிச் முகங்களைப் பிரித்து அடுக்கும் வேலைக்கு மட்டும் 8 ஜிபி ராம் இருந்தால் நிம்மதி.

கரண்ட் பில்லும் பலர் பயப்படும் அளவுக்கு இல்லை. என் மினி பிசி சும்மா இருக்கும்போது 10 வாட்டை ஒட்டி இழுக்கிறது. இரவு பகலாக ஓடினாலும் இரண்டு மாதக் கணக்கில் 14 யூனிட் சொச்சம்தான். பைக்கு 4 வாட் என்று வைத்தால் 6 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். வித்தியாசம் 9 யூனிட்கூட இல்லை. ஆனால் மேசைக்கு அடியில் கிடக்கும் பழைய டவர் பிசியை சர்வர் ஆக்க நினைப்பவர்கள் கொஞ்சம் யோசிக்கவும். அது 50 வாட் இழுத்தால் 72 யூனிட். ஏற்கெனவே 500 யூனிட் எல்லையில் நிற்கும் வீட்டை அது அந்தப் பக்கம் தள்ளிவிடும், அதைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறுகிறது.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது வேறு: கரண்ட் போய்த் திரும்பி வந்தால், யாரும் தொடாமல் பெட்டி தானாக எழுந்து வேலையைத் தொடருமா?

என் சர்வர் இருப்பது தஞ்சாவூர்ப் பக்கம் அம்மா அப்பா வீட்டில், நான் இருப்பது சென்னையில். அங்கே துணை மின்நிலையத்தில் மாதாந்திரப் பராமரிப்பு என்றால் காலை 9 மணிக்குப் போகும் கரண்ட் மதியத்துக்கு மேல்தான் வரும். மழைக்காலத்தில் வந்து வந்து போகும். இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் சாதாரண மோடில் அது பேட்டரிக்கு மாறும் அந்தக் கண நேரம் ஃபேனுக்குத் தெரியாது, கம்ப்யூட்டர் அணைந்து எழும். யுபிஎஸ் மோடில் வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். ஆனாலும் நாள் முழுக்கக் கரண்ட் இல்லையென்றால் அம்மா பேட்டரியை ஃபேனுக்காக மிச்சம் பிடித்து வைப்பார், அதுதான் நியாயமும்கூட. ஆக, சர்வர் அணையத்தான் செய்யும். அது திரும்ப எழாவிட்டால் நான் போன் போட வேண்டும். "அம்மா, டிவிக்குப் பின்னால ஒரு கறுப்புப் பெட்டி இருக்கும், அதுல பட்டனை ஒரு தடவை அமுக்கும்மா." "எதுப்பா, செட்டாப் பாக்ஸா?" இந்த உரையாடல் மாதாமாதம் நடக்கக்கூடாது என்பதே என் ஒரே நிபந்தனை.

லேப்டாப்பை எடுத்துக்கொள்வோம். பேட்டரி உள்ளேயே இருப்பதால் யுபிஎஸ் இலவசம் என்று எல்லோரும் சொல்வார்கள். அரை மணி நேர மின்தடைக்கு அது உண்மை. மூடியை மூடினாலும் தூங்காதபடி லினக்ஸில் (சர்வர்களில் ஓட்டும் இலவச இயங்குதளம்) ஒரு வரி மாற்றிவிட்டால் போதும், அழகாக ஓடும். நீளமான மின்தடையில்தான் சிக்கல். பேட்டரி தீர்ந்து அணைந்துவிட்டால், கரண்ட் வந்ததும் சார்ஜ் ஏறுமே தவிர லேப்டாப் எழாது. சார்ஜர் உயிர் பெற்றதும் ஆன் ஆகும் வசதி திங்க்பேட் மாதிரியான சில அலுவலக மாடல்களின் பயாஸில் (கம்ப்யூட்டர் எழும்போதே உள்ளே போய் மாற்றும் அடிப்படை செட்டிங்) உண்டு. வீட்டு உபயோகத்துக்கென்று விற்கும் மாடல்கள் பெரும்பாலானவற்றில் இல்லை. இன்னொன்று, எப்போதும் 100 சதவீதத்தில் சூடாகவே கிடக்கும் பேட்டரி ஊதலாம். டச்பேட் மேலே எழும்பினாலோ மூடி சரியாகப் பொருந்தாவிட்டாலோ அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். சார்ஜை 60 அல்லது 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருக்கும் லேப்டாப் என்றால் சரி, இல்லையென்றால் பெற்றோர் மட்டும் இருக்கும் வீட்டில் அதை நான் வைக்க மாட்டேன். நீங்களே குடியிருக்கும் வீட்டில், பழகிப் பார்ப்பதற்கு என்றால், சும்மா கிடக்கும் லேப்டாப்பைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

ராஸ்ப்பெரி பை இந்தப் பரீட்சையில் இயல்பாகவே பாஸ். கரண்ட் வந்தால் எழும், அதற்கு ஒரு செட்டிங்கும் வேண்டாம். அதன் பலவீனம் மெமரி கார்டு. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கார்டில் இருக்கும் ஃபைல் சிஸ்டம் கெடலாம், டேட்டாபேஸ் ஓடும் சர்வர் எந்நேரமும் ஏதாவது எழுதிக்கொண்டேதான் இருக்கும். ஆகவே கார்டுக்குப் பதில் எஸ்எஸ்டி டிஸ்க் கட்டாயம். பை 5-இல் அதற்கென்று பிசிஐஇ இணைப்பு இருக்கிறது, ஆனால் அதற்கு ஒரு தனி போர்டு வாங்க வேண்டும். பிறகு 27 வாட் அடாப்டர், ஃபேன் வைத்த கேஸ். கையில் இருக்கும் 3 ஆம்பியர் சார்ஜரே போதும் என்று விட்டால், பை 5 தன் யுஎஸ்பி போர்ட்டுகளுக்கு மொத்தமே 600 மில்லி ஆம்பியர்தான் கொடுக்கும், வெளி ஹார்ட் டிஸ்க் சுற்ற மறுக்கலாம். எல்லாவற்றையும் கூட்டினால் கைமாறிய மினி பிசியின் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறோம். பை 4-இல் இன்னொரு சங்கடமும் உண்டு: கடிகாரச் சிப் இல்லை. கரண்ட் வந்ததும் பை சீக்கிரம் எழுந்துவிடும், இன்டர்நெட் வரக் கொஞ்ச நேரம் ஆகும், அதுவரை பழைய நேரத்திலேயே இருக்கும். பை 5-இல் கடிகாரம் உண்டு, அதற்கான பேட்டரியைத் தனியாக வாங்க வேண்டும். விளம்பரத் தடுப்புக்கு பை-ஹோல் மட்டும் ஓட்டுவதென்றால் இன்றும் நான் பையைத்தான் சொல்வேன்.

இனி மினி பிசி. டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் டைனி, எச்பி எலைட்டெஸ்க் மினி மூன்றும் ஒரே ரகம், தடித்த புத்தகம் அளவு. நிறுவனங்கள் இவற்றை மொத்தமாகக் கழித்துவிடும், சென்னை ரிச்சி தெருவில் கேட்டால் கிடைக்கும். 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெல் பிராசஸர்களில் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் ஏறும் என்பதால் 6, 7-ஆம் தலைமுறைப் பெட்டிகள் அலுவலகத்துக்கு வேண்டாதவையாகிவிட்டன. லினக்ஸுக்கு அந்தக் கவலையே இல்லை. ஜெல்லிஃபின் ஓட்டும் எண்ணம் இருந்தால் மட்டும் 6-ஐ விட்டுவிட்டு 7 அல்லது 8 எடுங்கள். 10 பிட் எச்இவிசி என்ற வகை வீடியோவை, பார்க்கும் கருவிக்கு ஏற்றபடி முழுக்க ஹார்ட்வேரிலேயே மாற்றுவது 7-இலிருந்துதான். பை 5-இல் வீடியோவை மாற்றி எழுதும் ஹார்ட்வேரே கிடையாது.

பயாஸில் டெல் என்றால் ஏசி ரிகவரி, லெனோவோ, எச்பி என்றால் ஆஃப்டர் பவர் லாஸ் என்று ஒரு செட்டிங் இருக்கும். அதைப் பவர் ஆன் என்று வைத்துவிட்டால் கரண்ட் வந்ததும் பெட்டி எழும். ஆனால் இதில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம், கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்ட உள்ளே இருக்கும் சிஆர்2032 காயின் செல். அலுவலகத்தில் வருஷக்கணக்கில் ஓடி, பிறகு குடோனில் கிடந்த பெட்டியில் அது செத்திருக்க வாய்ப்பு அதிகம். எனக்கு வந்ததிலும் அப்படித்தான். செட்டிங் எல்லாம் சரியாக இருந்தும், பிளக்கைப் பிடுங்கிக் கொஞ்ச நேரம் கழித்துச் செருகினால், தேதி தவறு, எஃப்1 அழுத்து என்று திரையில் எழுதிவிட்டு அப்படியே நின்றது. திரையும் கீபோர்டும் இல்லாத சர்வரில் இந்தச் செய்தியை யார் படிப்பது? வெளியிலிருந்து பார்த்தால் விளக்கு எரியும், ஃபேன் ஓடும், நெட்வொர்க்கில் மட்டும் ஆள் இருக்காது. மூடியைக் கழற்றி, பழைய செல்லை நகத்தால் நெம்பி எடுத்து, புதியதைப் போட்டு, தேதியையும் அந்த செட்டிங்கையும் மறுபடி வைத்ததும் சரியாகிவிட்டது. செல் வாட்ச் கடையிலேயே கிடைக்கும்.

குறை இல்லாமலில்லை. 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க் உள்ளே போகாது. பெரும்பாலும் ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டி, ஒரு 2.5 அங்குல டிஸ்க், அவ்வளவுதான். பத்து டெராபைட் சேர்க்கும் ஆசை இருந்தால் நாஸ்தான் வழி. நாஸை நான் சொந்தமாக ஓட்டியதில்லை, நண்பர் ஒருவருக்கு அமைத்துக் கொடுத்த பழக்கம்தான். பயன்படுத்த எளிது, டிஸ்க் மாற்றுவதும் எளிது, தானாக எழும் வசதியும் உண்டு. எனக்குத் தயக்கம் தருவது கடிவாளம் கம்பெனி கையில் இருப்பது. நாஸ் தயாரிக்கும் சினாலஜி 2025-இல் வெளியிட்ட தன் பிளஸ் மாடல்களில் தன் பட்டியலில் உள்ள டிஸ்க்குகளைத்தான் புதிதாகப் போடலாம் என்றது, எதிர்ப்புக்குப் பிறகு அதே ஆண்டு அக்டோபரில் தளர்த்திக்கொண்டது. தளர்த்தியது நல்லது, ஆனால் காசு கொடுத்து வாங்கும் பெட்டியில் எந்த டிஸ்க்கைப் போடலாம் என்று கம்பெனி தீர்மானிப்பதை நான் விரும்பவில்லை.

எதை வாங்கினாலும் ரூட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் ஒரு 12 வோல்ட் மினி யுபிஎஸ் வைத்துவிடுங்கள். வெளியிலிருந்து வீட்டு சர்வரைத் தொட டெயில்ஸ்கேல் என்ற பாதுகாப்பான இணைப்பு மென்பொருள் போதும், இணைய நிறுவனம் தனி ஐபி முகவரி தராவிட்டாலும் வேலை செய்யும். டாக்கரில் எல்லாவற்றுக்கும் தானாக மறுபடி தொடங்கும் விதியைப் போட மறக்க வேண்டாம், பெட்டி எழுந்து இம்மிச் எழாமல் போனால் பயனில்லை. படங்களின் இன்னொரு நகல் வெளி டிஸ்க்கில் எப்போதும் இருக்கட்டும்.

மினி பிசி வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே மூன்று காரியம் செய்யுங்கள். முதலில் பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். பழைய நிறுவனம் போட்ட பாஸ்வேர்டு கேட்டால் அந்தப் பெட்டி வேண்டாம், செட்டிங்கை மாற்றவே முடியாது. பிறகு அடாப்டர் அந்த மாடலுக்கு உரியதுதானா என்று வோல்ட், வாட் பார்த்து வாங்குங்கள். கடைசியாக, ஏசி ரிகவரியைப் பவர் ஆன் ஆக்கிச் சேமித்து, பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிஷம் கழித்துச் செருகும்போது கீபோர்டையும் பட்டனையும் யாரும் தொடக்கூடாது.