சுஜிதோன் முன்பதிவு: கட்டணமில்லாச் சேவை, கறாரான கணக்கு

பிரான்சின் மார்செய் நகரத்தை ஒட்டிய கலாங்க் தேசியப் பூங்காவில், சுஜிதோன் என்னும் சிறு கடற்குடாவுக்கு உச்சக் கோடை நாட்களில் இறங்க விரும்புவோர் இணையத்தில் முன்பதிவு செய்தாக வேண்டும். 2022 கோடையில் தொடங்கிய இந்த ஏற்பாட்டுக்குக் கட்டணம் இல்லை; நாளொன்றுக்கு 400 பேருக்கு மேல் இடமும் இல்லை. முதல் முறை பதிவு செய்யாமல் போய்ப் பாதித் தொலைவில் திரும்பியவன், மறுமுறை முறையாகப் பதிந்து கடல் வரை இறங்கியவன் என்ற தகுதியில் இந்தச் சேவையைப் பற்றி எழுதுகிறேன்.

பதிவு செய்வது எளிது. செல்ல வேண்டிய நாளுக்கு மூன்று நாள் முன்னதாகக் காலை 9 மணிக்குத் திறக்கும் பதிவு, முந்தைய நாள் மாலை 6 மணிக்கு மூடிவிடுகிறது. உறுதி செய்ததும் வரும் கியூஆர் குறியை நுழையும் இடத்தில் காட்ட வேண்டும். பதிவின்றி உள்ளே பிடிபட்டால் 68 யூரோ அபராதம். குடா வரை கைப்பேசித் தொடர்பு கிடைக்கும் என்று நம்பிப் போகாமல், குறியை வீட்டிலேயே சேமித்துக்கொள்வது நல்லது. பதிவு கையில் இருந்தாலும் ஒரு தடை மிச்சமிருக்கிறது: ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை காட்டுத்தீ அபாயத்தைப் பொறுத்து அரசு நிர்வாகம் நாள்தோறும் நுழைவை முடிவு செய்கிறது. காற்றும் வெயிலும் கடுமையாக இருக்கும் நாளில் மலைப்பகுதி முழுவதும் மூடப்பட்டால், பதிவு செய்தவரும் வீட்டில்தான் இருக்க வேண்டும்.

ஒரு குடாவுக்கு இறங்க இத்தனை கெடுபிடி எதற்கு என்று முதல் முறை எரிச்சலோடு திரும்பினேன். விடை அந்தப் பாதையிலேயே இருந்தது. லுமினி பல்கலைக்கழக வளாகத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். கடலை நெருங்கும் சரிவில் நிற்கும் அலெப்போ பைன் மரங்களின் அடியைக் குனிந்து பார்த்தால் போதும். வேர்கள் மண்ணுக்கு மேலே, பிதுங்கிய நரம்புகளைப் போல, வெள்ளைப் பாறையைப் பற்றிக்கொண்டு கிடக்கின்றன. ஒரு காலத்தில் அவற்றை மூடியிருந்த மண், நடப்பவர்களின் காலால் இளகி, மழையோடு கடலுக்குப் போய்விட்டது. முதிய மரங்கள் எப்படியோ நிற்கின்றன. அவற்றின் விதை விழுந்து முளைக்க மண் இல்லை, தப்பி முளைத்ததும் மிதிபட்டுப்போகிறது. கட்டுப்பாட்டுக்கு முன் கோடையில் ஒரே நாளில் 2,500 பேர் வரை இங்கே இறங்கியிருக்கிறார்கள் என்றால், இந்தச் சரிவு தாங்கியது 5,000 கால்களை.

இந்த நிலத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் 'காரீக்' என்கிறார்கள். சுண்ணாம்புப் பாறை மேல் ரோஸ்மேரியும் தைமும் முழங்கால் உயர கெர்மெஸ் ஓக்கும் நெருங்கி வளரும் புதர்க்காடு இது. பார்வைக்கு வறண்ட தரிசு போலத்தான் இருக்கும். ஆனால் மத்தியதரைக்கடல் வகைத் தட்பவெப்பம் நிலவும் ஐந்து நிலப்பகுதிகளும் சேர்ந்து உலக நிலப்பரப்பில் 5 சதவீதத்தைக்கூட எட்டுவதில்லை. உலகத் தாவர இனங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அவற்றில்தான் உள்ளது. இச்செடிகள் சாதுவானவை அல்ல. வறட்சிக்குத் தோல் போன்ற இலை, ஆட்டுக்கு முள். தீப்பிடித்தால் கெர்மெஸ் ஓக் அடியிலிருந்து மீண்டும் தழைக்கும். அலெப்போ பைனோ வெப்பத்தில் காய் வெடித்து விதை தூவும். செருப்புக் காலுக்கு எதிராக மட்டும் இவற்றிடம் எதுவும் இல்லை.

மறுநாள் மேற்கே லெ கூத் மீனவர் குடியிருப்பின் ஓரம் நடந்தபோது மார்செய் அஸ்திரகாலைப் பார்த்தேன். வட்ட மெத்தை போலக் குந்தியிருக்கும் முட்செடி. ஊர்க்காரர்கள் இதற்கு இட்ட பெயர் 'மாமியார் மெத்தை'. (மருமகள்களின் நகைச்சுவை எல்லா ஊரிலும் ஒன்றுதான்.) உட்கார்ந்தவரைப் பதம் பார்க்கும் இந்தச் செடியும் மிதிபட்டே அருகிவருகிறது, கடல் திவலையோடு வரும் நகரக் கழிவின் நச்சும் அதன் இலைகளைக் கெடுக்கிறது. 2017 முதல் 2022 வரை ஐரோப்பிய ஒன்றிய நிதியில் நடந்த திட்டத்தில், இத்தகைய செடிகளின் இடத்தைப் பிடித்துக்கொண்ட அயல் தாவரங்களைக் களைந்தார்கள். நம் ஊர் ரயில் பாதையோரம் வேலியாக நிற்கும் ஆனைக்கற்றாழையும் அப்பட்டியலில் உண்டு.

சேவைக்கு வருகிறேன். பதிவோடு இறங்கிய அன்று பாறையில் துண்டு விரிக்க இடம் தேடி அலையவில்லை. தண்ணீரில் கால் வைக்கும் முன்பே சிக்காடாப் பூச்சிகளின் ரீங்காரம் காதில் விழுந்தது. இதை 400 என்னும் எண்ணின் நேரடிப் பயனாகவே கருதுகிறேன். குடிநீரோ கடையோ அங்கே கிடையாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கட்டாயம், ஏறி வரும்போது நிழலும் குறைவு. புகைப்பவர்கள் அந்தப் பழக்கத்தை லுமினியிலேயே விட்டுவிட வேண்டும்.

ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருவேன். மூன்று நாள் அவகாசம், பாரிசிலிருந்து முன்கூட்டியே ரயில் சீட்டு எடுத்து வருவோருக்கு இடைஞ்சல்தான்; ஆனால் மதிப்பெண்ணைக் குறைத்தது அதற்காக அல்ல. நான் சென்றபோது எண்ணிக்கை வரம்பு சுஜிதோனையும் அதை ஒட்டிய சிறு குடாவையும் மட்டுமே காத்தது. இடம் கிடைக்காதவர் கிழக்கே அன்வோ குடாவுக்குப் போகலாம். அங்கும் இதே சுண்ணாம்புப் பாறைதான், இதே பைன் மரங்கள்தான்.