மொட்டை மாடிக்குத் தட்டோடா, வெள்ளை டைல்ஸா, பெயிண்டா?

வீடு கட்டித் தருபவர் கொடுக்கும் கொட்டேஷனின் கடைசிப் பக்கத்தில் 'வெதரிங் கோர்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். பலர் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். மேல்தளக் கான்கிரீட்டில் வெயிலும் மழையும் நேரடியாக இறங்காமல் இருக்கப் போடும் அடுக்கு அது. கொத்தனாரிடம் கேட்டால் சுருக்கி என்பார்.

இன்று அந்த இடத்துக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து பரப்பி, மேலே தட்டோடு, அதாவது தட்டையான சுட்ட மண் ஓடு, பதிப்பது பழைய வழி. சிமென்ட் கலவையில் வாட்டம் எடுத்து, அதாவது தண்ணீர் குழாயை நோக்கி ஓடச் சரிவு கொடுத்து, வெள்ளை கூல் ரூஃப் டைல்ஸ் ஒட்டுவது இரண்டாவது. தளத்தின் மேல் நேரே வாட்டர் ப்ரூஃப் பெயிண்ட் அடிப்பது மூன்றாவது. எங்கள் வீட்டில் தட்டோடுதான் போட்டோம், அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

முதல் செலவில் பெயிண்ட்தான் மலிவு, வேலையும் சீக்கிரம் முடியும். வெள்ளை டைல்ஸ் வெயிலை நன்றாகத் திருப்பி அனுப்பும். செங்கல் ஜல்லி பகல் சூட்டைக் கீழே விடாமல் தாமதப்படுத்தும். ஆனால் வாங்கி வைத்த சூட்டைச் சாயங்காலத்துக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக விடும். அக்னி நட்சத்திர இரவுகளில் மேல்மாடி அறையில் படுப்பவருக்கு இது தெரியும். வெள்ளை டைல்ஸிலும் தூசி படிந்தால் வெயிலைத் திருப்பும் பலன் குறையும், அடிக்கடி கழுவிவிட வேண்டும். மழை நாளில் வழுக்கும் ரகமாக இருந்தால் வயதானவர்களுக்கு ஆபத்து.

இதெல்லாம் சரி, நான் முடிவெடுத்தது பராமரிப்பை வைத்துத்தான். மொட்டை மாடியை நாம் சும்மா விடுவதில்லை. வற்றல் காயப்போடுகிறோம், நாற்காலியை இழுக்கிறோம், தொட்டிச் செடி வைக்கிறோம், டிஷ் ஆன்டெனாவுக்கு ஓட்டை போடுகிறோம், சோலார் பேனலுக்குக் கால் நடுகிறோம். பெயிண்ட் என்பது மெல்லிய தோல். ஒரு கீறல் விழுந்தால் தண்ணீர் அதன் அடியில் புகுந்து கொப்புளமாகக் கிளம்பும். ஒன்றும் ஆகாவிட்டாலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தளத்தைச் சுரண்டிக் கழுவி, நன்றாகக் காயவிட்டு மறுபடி அடித்தாக வேண்டும். எங்கே பழுது என்று கண்ணுக்குத் தெரிவது மட்டும் அதில் ஒரு நல்ல விஷயம்.

டைல்ஸில் அதுவும் தெரியாது. இணைப்பு வழியே இறங்கிய தண்ணீர் அடியிலேயே நகர்ந்து, வேறெங்கோ சீலிங்கில் ஓதமாகக் காட்டும். தட்டோட்டிலும் தண்ணீர் இப்படி நகரலாம், மறைக்கவில்லை. ஆனால் கண்ணாடிபோல் மெருகேறிய டைலுக்கு அடியில் அடைபட்ட ஈரம் மேலே வர வழியில்லை. சுட்ட மண் ஓடும் சுண்ணாம்பும் ஈரத்தை வாங்கினாலும் வெயிலில் வெளியே விட்டுவிடும். சுண்ணாம்பில் விழும் மயிரிழை விரிசல்கள் தண்ணீர் பட்டுத் தாமாக அடைவதும் உண்டு. அதற்கு மேல் வரும் பழுதெல்லாம் இணைப்புகளில்தான். சிமென்ட் உதிரும், பாசி படியும், சந்தில் அரசங்கன்று முளைக்கும். வேரோடு பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் பாயிண்டிங் செய்ய, அதாவது சந்தைக் கலவையால் அடைத்துப் பூச, ஊர்க் கொத்தனார் ஒருவர் போதும். கம்பெனி ஆளைத் தேட வேண்டாம், அதே நிறத்தில் டைல் கிடைக்குமா என்ற கவலையும் இல்லை.

தட்டோட்டின் குறை அதன் எடை. 3 அங்குலக் கனத்துக்குச் செங்கல் ஜல்லிச் சுருக்கி போட்டால் ஒரு சதுர மீட்டருக்கு 100 கிலோவுக்கு மேல் தளத்தின் மேல் ஏறும். புதுவீட்டில் இன்ஜினியர் இதைக் கணக்கில் சேர்த்துத்தான் கம்பி போடுவார். பழைய வீட்டில், இருக்கும் சுருக்கியைப் பெயர்க்காமல் அதன் மேலேயே இன்னொன்று போடச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அப்படிப்பட்ட வீட்டுக்குப் பெயிண்டே பொருத்தம் என்று நினைக்கிறேன். பெயிண்ட் பற்றி நான் சொன்னது உறவினர் வீடுகளில் பார்த்ததை வைத்துத்தான், எங்கள் தட்டோடும் இன்னும் சில மழைக்காலங்களையே பார்த்திருக்கிறது.

அப்புறம், ஆள் கிடைப்பது. கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரைத் தெளித்து, சித்தாட்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்கிய வேலை இது. இப்போது பல இடங்களில் சுண்ணாம்பை விட்டுவிட்டு சிமென்ட்டில் ஜல்லியைக் கலந்து அதையும் சுருக்கி என்றே சொல்கிறார்கள். சிமென்ட் சுருங்கி விரிசல் விடும், சுண்ணாம்பின் குணம் அதற்கு வராது. கொட்டேஷனில் 'சுண்ணாம்பு' என்ற சொல்லும், கனம் எத்தனை அங்குலம் என்பதும், 10 அடிக்கு ஒரு அங்குலத்துக்குக் குறையாத வாட்டமும் எழுத்தில் இருக்கட்டும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையை வளைவாகப் பூசுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கசிவு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

மூன்றில் எதைத் தேர்ந்தெடுத்தாலும், அதைப் போடும் முன் வெறும் கான்கிரீட் தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி, கீழே போய் சீலிங்கைப் பாருங்கள். அதில் கசிந்தால் முதலில் அதைச் சரிசெய்யச் சொல்லுங்கள், அதன்பிறகு ஓட்டுக்குப் பணம் கொடுக்கலாம்.