ஈசூனா, செம்பவாங்கா, செங்காங்கா: தம்பிக்கு வீடு பார்த்த கணக்கு

தம்பிக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருடம். அவனும் மனைவியும் சிங்கப்பூரின் ஈசூன் பேட்டையில் அப்பா அம்மா வீட்டின் நடு அறையில் இருந்தார்கள். 2025இல் ஒருநாள், "அக்கா, நீயும் கூட வா, எங்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை" என்றான். அடுத்த நான்கு மாதம் என் சனிக்கிழமைகள் வீடு பார்ப்பதிலேயே போயின. ஈசூனில் எண்பதுகளில் கட்டிய மறுவிற்பனை வீடு, செம்பவாங்கில் 2000ஐ ஒட்டிக் கட்டியது, செங்காங்கில் ஏறக்குறைய அதே வயதுடையது என்று மூன்று வழி. எல்லாமே வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) 99 ஆண்டுக் குத்தகைக்குத் தரும் அடுக்குமாடி வீடுகள். இருவரும் குடிமக்கள், முதல்முறை வாங்குபவர்கள். அவனுக்கு 33 வயது, அவளுக்கு 31. சேர்ந்த மாத வருமானம் 9,000 வெள்ளிக்கு மேல், 14,000க்குக் கீழ். இந்த விவரங்களை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. இவற்றில் ஒன்று மாறினாலும் கீழே உள்ள கணக்கு மாறிவிடும்.

பிடிஓ வீட்டை, அதாவது முன்பதிவு செய்தபின் வீவக கட்டித் தரும் புது வீட்டை, ஏன் விட்டார்கள் என்று கேட்பீர்கள். விலை மலிவில் அதை எதுவும் மிஞ்ச முடியாது, குத்தகையும் முழு 99 ஆண்டு. ஆனால் கட்டி முடிய மூன்று, நான்கு ஆண்டு. விற்காமல் குடியிருக்க வேண்டிய 5 ஆண்டு குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் சாவி வாங்கிய நாளிலிருந்துதான் தொடங்கும். 2024 அக்டோபரில் வந்த புதிய வகைப்பாட்டில், நல்ல இடங்களில் அமைந்த 'பிளஸ்', 'பிரைம்' வீடுகளுக்கு அது 10 ஆண்டு. தம்பி மனைவி அப்போது மூன்று மாதக் கர்ப்பம். நடு அறையில் தொட்டிலும் போட்டு இன்னும் நான்கு வருடம் என்றால் யாருக்கும் மனசு வரவில்லை. புதிய எக்சிகியூட்டிவ் கொண்டோவை (தனியார் கட்டும், வாங்கத் தகுதி வரம்புள்ள கூட்டுரிமை வீட்டை) ஒரே மாலையில் ஒதுக்கினோம். அதற்கு வீவக கடன் கிடையாது, வங்கிக் கடன்தான். மாதத் தவணையை எழுதிப் பார்த்ததுமே தம்பி தாளை மடித்துவிட்டான்.

சரி, ஈசூன். அம்மாவின் ஆசை இதுதான். பெற்றோர் வீட்டிலிருந்து நடக்கும் தூரம், கூ டெக் புவாட் மருத்துவமனை பக்கம், பங்குனி உத்திரத்துக்குப் புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம். 1986இல் குத்தகை தொடங்கிய ஒரு நாலறை வீட்டைப் பார்த்தோம். பழைய வீடென்றால் பெரிதாக இருக்கும் என்று பலரும் சொல்வார்கள், அதை அப்படியே நம்ப வேண்டாம். ஈசூனில் 84 சதுர மீட்டர் நாலறையும் உண்டு, 100ஐத் தாண்டியதும் உண்டு. நாங்கள் பார்த்தது 84. குளியலறைக் கூரையில் ஓரிடத்தில் சாயம் உப்பி நின்றது. தம்பி குடைப்பிடியால் மெல்லத் தட்டினான், உள்ளே வெற்றிடம்போல் ஒலித்தது. கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்தால் இப்படித்தான் பெயரும். 1997 வரை கட்டிய வீடுகளுக்கு வீட்டு மேம்பாட்டுத் திட்டம் இருக்கிறது, அதில் இதைச் சரிசெய்து தருவார்கள். ஆனால் அந்த வட்டாரம் தேர்வாக வேண்டும், பிறகு புளோக்கில் தகுதியுள்ள குடும்பங்களில் 75 விழுக்காட்டினர் ஒப்புக்கொள்ள வேண்டும். புளோக்குக்கு அது நடந்துவிட்டதா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

கூரையைக்கூடப் பூசிக்கொள்ளலாம். எங்களைத் தடுத்தது குத்தகைக் கணக்கு. அந்த வீட்டுக்கு எஞ்சியிருந்தது 60 ஆண்டு. வாங்குபவர்களில் இளையவருக்கு 95 வயதாகும்வரை குத்தகை நீடித்தால்தான் மத்திய சேமநிதியை (சம்பளத்தில் பிடிக்கும் கட்டாயச் சேமிப்பை) முழு அளவில் பயன்படுத்தலாம் என்பது 2019 மே முதல் உள்ள விதி. 31உடன் 60ஐக் கூட்டினால் 91. நான்கு ஆண்டு குறைகிறது. அதனால் சேமநிதியில் எடுக்கக்கூடிய தொகை குறையும், வீவக கடனின் உச்சவரம்பான 75 விழுக்காடும் இறங்கும். அந்த இடைவெளியைக் கையிலிருந்து ரொக்கமாகப் போட வேண்டும். இதே வீட்டை 40 வயதுத் தம்பதி வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லை. ஆக, பழைய வீடு நல்லதா கெட்டதா என்பது வாங்குபவரின் வயதைப் பொறுத்தது. இன்னொன்று, தம்பி பத்து வருடம் கழித்து விற்கப் போனால் வருகிறவருக்கு 50 ஆண்டுதான் மிஞ்சும், அவருக்கும் இதே கணக்கு இன்னும் இறுக்கமாக வரும். அம்மாவிடம் இதை எழுதிக் காட்டியதும் சற்று நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்ப ரொம்ப தூரம் மட்டும் போகாதீங்க" என்றார்.

செங்காங் தம்பி மனைவியின் விருப்பம். அவளுக்கு ஹார்பர்ஃபிரண்டில் வேலை, வடகிழக்குப் பாதையில் ஏறினால் மாறாமல் போய் இறங்கலாம். தேக்கா சந்தைக்கும் அதே ரயில், ஒன்பதாவது நிறுத்தம் லிட்டில் இந்தியா. காய்கறிக்கும் பூவுக்கும் வாரம் தவறாமல் தேக்கா போகிற வீட்டுக்கு இது சின்ன வசதியல்ல. செங்காங் பொது மருத்துவமனை இருக்கிறது, ரிவர்வேல் கிரசெண்டில் வேல்முருகன் ஞானமுனீஸ்வரர் ஆலயம் இருக்கிறது. ஆனால் நாங்கள் பார்த்த வீடுகள் எம்ஆர்டி ரயில் நிலையத்தின் அருகில் இல்லை, எல்ஆர்டி இலகு ரயில் பிடித்துத்தான் நிலையத்துக்கு வர வேண்டும். அங்கிருந்து ஈசூனுக்கு ரயிலில் வருவதென்றால் சிராங்கூனில் ஒருமுறை, பீஷானில் ஒருமுறை மாற வேண்டும். கைக்குழந்தையோடு வாரம் ஐந்து நாள் அந்தப் பயணத்தை நினைத்துப் பாருங்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போவது அம்மாதான்.

செம்பவாங்கிலிருந்து ஈசூன் இரண்டே நிறுத்தம். நடுவில் இருப்பது 2019இல் திறந்த கென்பரா நிலையம் மட்டும். தேக்காவுக்கு நியூட்டன்வரை வந்து டௌன்டவுன் பாதைக்கு மாறினால் அடுத்த நிறுத்தம் லிட்டில் இந்தியா. மானியத்திலும் ஒரு வித்தியாசம். முதல்முறை வாங்கும் குடிமக்கள் தம்பதிக்கு நாலறை அல்லது அதைவிடச் சிறிய மறுவிற்பனை வீட்டுக்கு 80,000 வெள்ளி, ஐந்தறைக்கு 50,000. இது எந்தப் பேட்டையிலும் கிடைக்கும். பெற்றோர் வீட்டிலிருந்து 4 கிலோமீட்டருக்குள் வாங்கினால் மேலும் 20,000. செம்பவாங் அந்த வட்டத்துக்குள் வருகிறது, செங்காங் வெளியே போய்விடுகிறது. மானியம் சேமநிதிக் கணக்குக்குத்தான் வரும். வீட்டை விற்கும்போது 2.5 விழுக்காடு வட்டியோடு அதை உங்கள் கணக்கிலேயே திரும்பப் போட வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

செம்பவாங்கில் ஒன்பதாம் மாடியில் ஒரு வீடு. எஞ்சிய குத்தகை 74 ஆண்டு. காற்று சமையலறை வழியாக நுழைந்து கூடத்துச் சன்னலில் வெளியேறியது. விற்கிற சீன ஆண்ட்டி துணி காயப்போடும் இடத்தைத் திறந்து காட்டி, மாலை வெயில் அங்கே விழாது என்றார். பக்கத்து வீட்டு வாசலில் மாவிலைத் தோரணம், நடைபாதைத் தொட்டியில் கறிவேப்பிலை. தம்பி மனைவி அந்தச் செடியைத் தொட்டுப் பார்த்தாள். வீடு முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

அன்று இரவு வீவக இணையச் சேவையில் புளோக் எண்ணைப் போட்டால், அந்த புளோக்கில் இந்தியர், மற்றவர் (சீனர், மலாய்க்காரர் அல்லாதவர்) என்ற பிரிவுக்கான இன ஒதுக்கீடு நிரம்பியிருந்தது. 1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கையின்படி இப்போது இந்தியருக்கும் மற்றவருக்கும் பேட்டையில் 12, புளோக்கில் 15 விழுக்காடு வரம்பு. நிரம்பிய புளோக்கில் நாம் வாங்க வேண்டுமானால் விற்பவரும் அதே பிரிவினராக இருக்க வேண்டும். ஆண்ட்டியிடமிருந்து வாங்க வழியில்லை. மாவிலைத் தோரணத்து வீட்டுக்காரர் விற்றால் வாங்கலாம், அவருக்கு விற்கும் எண்ணம் இல்லை. முதலிலேயே பார்க்காதது எங்கள் தவறு. ஓர் இனத்தார் ஒரே இடத்தில் திரண்டு மற்றவரோடு பழகாமல் போகக்கூடாது என்ற நோக்கத்தை நான் மனதார ஏற்கிறேன், அப்படிக் கலந்த புளோக்கில் வளர்ந்தவள்தான் நானும். ஆனால் நம்மவர்கள் இதை வாங்கும்போது மட்டுமல்ல, விற்கும் நாளையும் நினைத்துப் பார்க்க வேண்டும். சீனர் ஒதுக்கீடு நிரம்பிய புளோக்கில் நாம் விற்கப் போனால் சீனருக்கு விற்க முடியாது, வாங்க வருகிறவர்கள் குறைவு, விலையும் அதற்கேற்ப இறங்கும். இரண்டு புளோக் சமமாகப் பிடித்திருந்தால் இதைப் பார்த்தே முடிவெடுங்கள்.

பள்ளியைப் பற்றி ஒன்று. தொடக்கப்பள்ளிச் சேர்க்கையில் 1 கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு முன்னுரிமை உண்டு என்பது எல்லாருக்கும் தெரியும். அந்தப் பள்ளியில் தமிழ் வகுப்பு நடக்கிறதா என்றும் கேளுங்கள். எல்லாப் பள்ளிகளிலும் நடப்பதில்லை, இல்லாத பள்ளிப் பிள்ளைகள் வேறோர் இடத்துக்குப் போய்ப் படிக்கிறார்கள்.

மூன்று வாரம் கழித்து அதே செம்பவாங்கில், இரண்டு தெரு தள்ளி, ஆறாம் மாடியில் ஒரு நாலறை வீடு அமைந்தது. கூடத்தில் முன்னதைப்போல் காற்று இல்லை, சமையலறை பெரிது. ஒதுக்கீடு மாதத்தின் முதல் தேதியில் புதுப்பிக்கப்படும் என்பதால் தம்பி அதுவரை பொறுத்திருந்தான். முதல் தேதி காலையில் புளோக் எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு, எனக்கு ஒரு படம் அனுப்பினான். மதியம் ஆயிரம் வெள்ளி முன்பணம் கட்டினார்கள்.